தரவுக் கட்டமைப்பா, கல்லும் மண்ணுமா?

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷமீலாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் உனக்கு மூத்தவன் நானாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதுக்குத்தான் நீ போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதிலிருந்து சுகமில்லை. நீ அந்த அமெரிக்காக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, தொழுகையை விடாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன். போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் வாப்பா பக்கத்தில் நின்று வேறொன்று சொல்கிறார், நானா இடையில் வந்து அங்கே என்ன நேரம் என்று கேட்கிறான், பிறகு லைன் வெட்டுப்படுகிறது, வைத்த பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறது. இன்று இரண்டு பேரும் ஜும்ஆத் தொழப் பள்ளிக்குப் போய்விட்டார்கள், மழையும் கொஞ்சம் விட்டிருக்கிறது, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நானா வந்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். படிக்காமல் அனுப்புவான் என்று நான் நம்பவில்லை, படித்தால் படிக்கட்டும். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் பார்.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. கடல் இரைகிறது, வள்ளங்கள் போவது குறைவு, போனாலும் கருவாடு காய வெயில் இல்லை. வாப்பா வவுனியாவுக்கு அனுப்ப வைத்திருந்த சூடைக் கருவாட்டில் ஈரம் ஏறி, திரும்பக் காயப்போட இடமில்லாமல் உன்னுடைய அறைக்குள் பரப்பி வைத்திருக்கிறார். நான் சத்தம் போட்டேன். பிள்ளை வர இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது, அதற்குள் மணம் போய்விடும் என்கிறார், உன்னுடைய மெத்தையை மட்டும் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டேன். நானாவுக்கு மன்னாரில் பேசிய இடம் சரிவரவில்லை, அவர்களுக்குக் கொழும்பில் இருக்கிற மாப்பிள்ளைதான் வேண்டுமாம். அவனுக்கு ஒரு கவலையும் இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறான். எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். விசாரிக்கிறவர்களுக்கு என்ன சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை, அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வந்தேன்.

நீ சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன், பிழையென்றால் திருத்து. உங்களுடைய கல்லூரியில் கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளையும் கொம்பியூட்டரை மட்டும் படித்துவிட்டு வெளியில் வர முடியாது, சரித்திரம், எழுத்து, சித்திரம், விஞ்ஞானம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். எந்த வருடத்தில் எதைப் படிப்பதென்று பிள்ளையே திட்டம் போட்டு, உனக்குப் பொறுப்பாக வைத்திருக்கிற அந்தப் புரொபெசர் அம்மாவிடம் காட்டிச் சரி எடுக்க வேண்டும். ஜனவரியில் தொடங்குகிற தவணைக்கு நான்கு பாடம். கணக்கு ஒன்று, எழுத்துப் பாடம் ஒன்று, சமூகத்தைப் பற்றி ஏதோ ஒன்று, இந்த மூன்றும் முடிவாகிவிட்டது. நான்காவது இடத்துக்குத்தான் இரண்டு பாடங்கள் இழுபடுகின்றன. ஒன்று கொம்பியூட்டரில் அடுத்த படி, ராஜினி ரீச்சர் அதற்குத் தமிழில் தரவுக் கட்டமைப்பு என்று பெயர் சொன்னா. மற்றது கல்லும் மண்ணும் படிக்கிற பாடம். அதைப் படிப்பிக்கிறவர் அடுத்த வருடம் லீவில் போகிறார், இப்போது விட்டால் பிறகு கிடைக்காது. தரவுக் கட்டமைப்பை இப்போது விட்டால் அதற்குப் பிறகு வருகிற பாடங்கள் எல்லாம் ஒரு வருடம் பின்னால் போகும். ஐந்தாகச் சேர்த்து எடுக்கலாமே என்று நானா கேட்டதற்கு, இந்தத் தவணைப் பரீட்சையில் வந்த புள்ளிக்கு அனுமதி தரமாட்டார்கள் என்று சொன்னாய். அந்த இடத்தில் உன்னுடைய குரல் இறங்கிப் போனது. என்ன புள்ளி என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இந்த வெள்ளி போய் அடுத்த வெள்ளிக்கு முன் முடிவு கொடுக்க வேண்டும் என்றாய். கடைசியில், “நீங்களே சொல்லுங்கோ உம்மா, நீங்கள் சொல்லுறதை எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ வைத்துவிட்டாய், அந்த நேரம் தொட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாப்பாவுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. கொம்பியூட்டர் படிக்கத்தானே ஸ்கொலர்ஷிப் கிடைத்தது, கொம்பியூட்டரைப் படிக்கட்டும், கருவாடு எடுக்கப் போன இடத்தில் வெங்காயமும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவதோ என்று கேட்கிறார். இதை வீட்டில் சொன்னால் போதாதா, கடையிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே நின்ற ஒருவர், இஞ்ச கிடக்கிற கல்லு மண் போதாமல் அமெரிக்காவுக்கும் போய்க் கல்லுப் படிக்கிறதோ என்று பகிடி விட்டாராம், அதைக் கேட்டு மனிதர் இரண்டு நாள் முகம் கறுத்துத் திரிந்தார். தரவுக் கட்டமைப்பு என்றால் என்னவென்று ரீச்சரிடம் நான் கேட்டேன். சாமான்களை எப்படி அடுக்கி வைத்தால் தேவைப்படும்போது கெதியாக எடுக்கலாம் என்கிற மாதிரி ஒரு படிப்பு என்று சொன்னா. அப்படியென்றால் அதை முதலில் படிக்க வேண்டியது உன் வாப்பாதான் என்று நினைத்துக்கொண்டேன், அவருடைய ஸ்டோரில் ஒரு சுருள் கயிறு தேடுவதென்றால் ஒரு பகல் போகும்.

ராஜினி ரீச்சரைப் பார்க்க நான் தனியாகத்தான் போனேன், வாப்பாவுக்குச் சொல்லவில்லை. உன்னை அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வைத்தவர் அவர்தானே, அவருக்குத் தெரியாததா என்று நினைத்துப் போனேன். மழைக்குள் குடையோடு போய் நின்ற என்னைப் பார்த்து முதலில் பயந்துவிட்டா, உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று. விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்தப் பாடத்தில்தான் மற்றக் கொம்பியூட்டர் பாடங்கள் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கின்றன, ஒரு வருடம் பிந்தினால் மூன்றாம் நான்காம் வருடங்களில் பாரம் கூடும், மூன்றாம் வருட விடுமுறையில் கொம்பனிகளில் வேலை பழகப் போவதற்கும் அது இல்லாமல் கேட்பது கஷ்டம் என்றா. அப்படியென்றால் அதையே எடுக்கச் சொல்லவா என்று கேட்டேன். உடனே ஓம் சொல்லவில்லை. பாடம் பிடிக்காமல் பயத்தோடு இருக்கிற பிள்ளை அடுத்த படியில் ஏறி விழுந்தால் அதுவும் நல்லதில்லை, அங்கே நான்கு வருடத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தப் புரொபெசர்மார் உதவி செய்வார்கள் என்றா. பிறகு, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டா. பிள்ளை எங்களைக் கேட்டிருக்கிறாள் என்று சொன்னேன். ரீச்சர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தா, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மகள், எனக்கு எத்தனை பயம் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நீ அந்தக் கல்லுப் பாடத்தில் சேர்ந்தால் வசந்த காலத்தில் எல்லோரும் மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்க வேண்டும் என்று சொன்னாய். பொடியன்களும் வருவார்கள், அந்தக் குளிரில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ எடுப்பது எப்படி, ஹலாலாகச் சாப்பாடு எங்கே, கால் சறுக்கி எங்கேயும் விழுந்தால் எனக்கு யார் சொல்வார்கள். இது ஒரு பயம். விசாப் பிள்ளைகள் பாடம் குறைத்தால் திருப்பி அனுப்புகிறார்களாம் என்று ரேடியோவில் சொன்னதாக நானா சொன்னான், நான்கு பாடம் என்றால் குறைவில்லைத்தானே, அதை நன்றாக விசாரித்துக்கொள். படிப்பு முடிய ஒரு வருடம் கூடினால் ஸ்கொலர்ஷிப்காரர் அந்த வருடத்துக்கும் தருவார்களா, அதையும் விசாரி. உனக்கு இருபது வயது, உன்னைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் படிப்பு முடியட்டும், முடியட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது வேறு. ஆனால் இதெல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நீ கொம்பியூட்டர் கஷ்டமாக இருக்கிறதென்று பயந்து அந்தப் பக்கம் ஓடுகிறாயா, அல்லது அந்தக் கல்லும் மண்ணும் உண்மையாகவே பிடித்துப் போகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. பயந்து ஓடுகிறாய் என்றால் இழுத்துப் பிடித்து நிறுத்துவது என் கடமை. பிடித்துப் போகிறாய் என்றால் நான் மறித்தால் அது பாவம். ஏனென்றால் ஒன்று கவனித்தேன், நம்முடைய கடற்கரை மண் ஏன் சில இடத்தில் கறுப்பாக இருக்கிறதென்று அந்தக் கல்லுப் பாடத்து மாஸ்டர் ஒருநாள் படம் போட்டுக் காட்டியதைச் சொல்லும்போது நீ மூச்சு விடாமல் பேசினாய். நீ அங்கே போனதற்குப் பிறகு அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆகவே இஸ்திகாராத் தொழலாம் என்று முடிவெடுத்தேன். இந்த வீட்டில் எந்தக் காரியத்தில் குழம்பினாலும் அதுதானே வழக்கம், எது நல்லதென்று தெரியாத நேரம் இரண்டு ரக்அத் தொழுது, காரியத்தின் பெயரைச் சொல்லி, இது நல்லதென்றால் லேசாக்கித் தா, கெட்டதென்றால் என்னைவிட்டு அதைத் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பது. காணி திரும்ப எடுத்தபோதும் தொழுதோம், நானாவின் சம்பந்தத்துக்கும் தொழுதேன். திங்கட்கிழமை மத்தியானம் ளுஹருக்குப் பிறகு பாயை விரித்தேன். காரியத்தின் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் நின்றுவிட்டது. தரவுக் கட்டமைப்பு என்று சொன்னால் கல்லுப் பாடத்தை விட்டதாகிவிடும், கல்லுப் பாடம் என்று சொன்னால் மற்றதை விட்டதாகிவிடும், யா அல்லாஹ், ஷமீலாவின் நான்காவது பாடம் என்று சொல்லி முடித்தேன். இப்படி ஒரு பெயர் சொல்லி யாரும் தொழுதிருக்க மாட்டார்கள், நீ சிரித்தால் எனக்குக் கோபம் வராது.

தொழுதுவிட்டு அப்படியே பாயில் சரிந்து கண் அயர்ந்தேன். கனவில் நீ பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு கடலுக்குள் நின்று பர்தாத் துணியில் மண் அள்ளுகிறாய். தண்ணீர் இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டது, நான் கரையில் நின்று கூப்பிடுகிறேன், நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு எழும்பிவிட்டேன். இதைவிட வேறென்ன விடை வேண்டும், மண் வேண்டாம் என்று அல்லாஹ் காட்டிவிட்டான் என்று நினைத்து, அந்தக் கல்லுப் பாடத்தை எடுக்கவே கூடாது என்று உனக்கு உடனே அனுப்பும்படி நானாவிடம் சொன்னேன். அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பாவைப் பார்த்தான். வாப்பா, மத்தியானம் சோறு கூடினால் எனக்கும் கனவில் கடல் வரும் என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டதும் கொம்பியூட்டர்தான், கனவு அவர் பக்கம்தான் நின்றது, அப்படி இருந்தும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை பார். எனக்குக் கோபம் வந்து, பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிற மருமகள் பஸ்மியாவிடம் போனேன். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு கலியாணம் முடித்து வந்தவள், மௌலவியாவுக்கு மார்க்கம் படித்தவள், சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள்.

கனவுக்கு விளக்கம் சொல்வாள் என்றுதான் போனேன். அவள் கனவைக் கேட்கவே இல்லை. “மாமி, காரியம் ஆருடையது?” என்று கேட்டாள். ஷமீலாவுடையதுதான் என்றேன். “அப்ப தொழவேண்டியதும் அவாதானே. கனவு வரவேணும் எண்டு ஒண்டும் இல்லை மாமி, தொழுதிட்டு மனதுக்குச் சரியெண்டு படுறதில இறங்கவேண்டியதுதான். நீங்கள் பிள்ளைக்காகத் துஆக் கேளுங்கோ, பிள்ளைக்குப் பதிலாத் தெரிவு செய்யாதைங்கோ” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் முகம் சுட்டது. என்னுடைய பிள்ளையின் காரியம் என்னுடைய காரியம் இல்லையா என்று கேட்டுவிட்டு, அவள் தந்த வட்டிலப்பத்தையும் தொடாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இந்த நான்கு நாளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது அவள் பிழையாகச் சொன்னதால் இல்லை. தெரிவு செய் என்று என்னிடம் முதல் முதலாகக் கேட்டது நீதான், அதையும் ஒருத்தி பிடுங்கிக்கொள்கிறாளே என்றுதான் கோபம். தொண்ணூறாம் ஆண்டு புலி இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் இங்கிருந்து எழும்பச் சொன்னபோது எனக்குப் பதின்மூன்று வயது, எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதைக்கூட மற்றவர்கள்தான் சொன்னார்கள். புத்தளத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, நிற்கட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாப்பாவைக் கட்டி வைத்தார்கள், நல்ல மனிதராக அமைந்தது அல்லாஹ்வின் ரஹ்மத். திரும்பி வருவோம் என்றார்கள், வந்தேன். நாற்பத்தெட்டு வயது வரை கறிக்கு என்ன போடுவது என்பதைத் தவிர நான் எதையும் தெரிவு செய்து பழகவில்லை. பழகாதவளிடம் நீ அமெரிக்காவிலிருந்து கேட்கிறாய், தரவுக் கட்டமைப்பா, கல்லும் மண்ணுமா என்று. நான் என்ன செய்தேன் பார், தரவுக் கட்டமைப்பு என்றால் என்னவென்று ரீச்சரிடம் கேட்டேன், விடையைக் கனவிடம் கேட்டேன், வாப்பாவின் வாயைப் பார்த்தேன். உனக்கு எது பிடித்திருக்கிறதென்று உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. நீயும் என்னைப் போலவே செய்கிறாய். இங்கிருந்து போகும்போது சூட்கேஸ் நீலமா சிவப்பா என்று கேட்டாய், போன பிறகு எந்தக் கட்டில் எடுக்க என்று கேட்டாய், எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, சொன்னேன். இது கட்டில் இல்லை. நான் ஒன்று சொல்லி அது பிழைத்தால் நீ என்னைக் குறை சொல்லி நோவாய், அதை நான் தாங்குவேன். அது சரியாக வந்தால் இன்னும் மோசம், அடுத்ததையும் என்னிடமே கேட்பாய்.

ஆகவே மகள், நான் சொல்லமாட்டேன். வாப்பா கொம்பியூட்டரை எடுக்கச் சொன்னதாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன், அது அவருடைய சொல், அதையும் யோசித்துப் பார். ராஜினி ரீச்சர் சொன்ன இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டேன். என்னுடைய பயங்களையும் எழுதிவிட்டேன், அவற்றை நீ சுமக்க வேண்டாம், நான் உன்னைப் பெற்ற நாளிலிருந்து அவை என்னோடுதான் இருக்கின்றன. இனி நீ தொழு. பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் எந்தப் பெயர் உன் வாயில் முதலில் வருகிறதென்று பார். பயந்து ஓடுகிறாயா, பிடித்துப் போகிறாயா என்பது எனக்கு இங்கிருந்து தெரியாது, ரீச்சருக்கும் தெரியாது, அந்தப் புரொபெசர் அம்மாவுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். பயம்தான் என்றால் அதை அந்த அம்மாவிடம் போய் வாய் திறந்து சொல், எங்கே விளங்கவில்லையோ அங்கே பிடித்துக் கேள், வெட்கப்படாதே. கல்லும் மண்ணும் பிடித்துத்தான் என்றால் மலையில் கால் சறுக்காத நல்ல சப்பாத்து ஒன்று வாங்கு. வாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிருக்குத் தலையை மூடாமல் வெளியில் இறங்காதே, இரவில் லைப்ரரியிலிருந்து தனியே நடந்து வராதே, காலைச் சாப்பாட்டை விடாதே. அல்லாஹ் உன் அறிவையும் ரிஸ்கையும் விரித்துத் தருவானாக, உன்னை நல்லவர்கள் நடுவில் வைத்திருப்பானாக, நீ இறங்குகிற வழி எதுவோ அதை உனக்கு லேசாக்கித் தருவானாக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை நீ கூப்பிடும்போது எதை எடுக்க உம்மா என்று கேட்டால் நான் போனை வாப்பாவிடம் கொடுத்துவிடுவேன். எடுத்திட்டன் உம்மா என்று சொல்லிக்கொண்டு கூப்பிடு. அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கும், இருந்தாலும் போனை நானே எடுப்பேன்.

இப்படிக்கு,
உனக்காகத் துஆக் கேட்டுக்கொண்டிருக்கும் உன் உம்மா
ஸுஹறா ஹலீம்